சீப்பு பட்டாலே நோகிறது: இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கிய ஒரு தையற்காரியின் நிகழ்வு ஆய்வு

கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தபடியே சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் 41 வயதுப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். சீனி வருத்தம், பிரஷர் எதுவும் இருந்ததில்லை. கண்ணாடி போட்டதில்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று தொடங்கிய கரைச்சல், ஐந்தே நாளில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இவருக்கு வந்த நோய் அவ்வளவு அபூர்வமில்லை, எங்கள் மாதிரி நிறமுள்ள மக்களிடம் யுவைட்டிஸ் (கண்ணின் உள்ளே வரும் அழற்சி) கிளினிக் நடத்துகிற எவரும் பார்த்திருப்பார். இதை எழுதக் காரணம் வேறு. எங்களிடம் வருமுன் இவர் நான்கு கதவுகளைத் தட்டியிருந்தார். நான்கு இடத்திலும் சொன்னதில் ஏதோ ஒரு துண்டு உண்மை இருந்தது. பிறகு நானும் ஒரு பிழை விட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வந்த கதை

13 நாட்களுக்கு முன் தலையிடியில் ஆரம்பித்திருக்கிறது. பின்மண்டையும் கழுத்தும் இழுத்துப் பிடித்தன, இரண்டு தடவை சத்தி. பக்கத்து டிஸ்பென்சரியில் மைக்ரேன் என்று குளிசை கொடுத்தார்கள். நான்காம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, கழுத்தை மடக்கவும் முடியவில்லை. ஓர் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். முதலில் டெங்கு பார்த்தார்கள். கொழும்பில் மேல் சூடும் தலையிடியும் என்று யார் போனாலும் அதுதான் முதல் பரிசோதனை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெங்கு இல்லை. முள்ளந்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தபோது 48 வெள்ளணுக்கள், அநேகமாக எல்லாமே லிம்போசைட். நீரின் சீனி அளவு சரியாக இருந்தது. வைரஸால் வந்த மூளையுறை அழற்சி என்று எழுதி, தலையிடி குறைந்ததும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்டாம் நாள் இடக்கண் மங்கியது. வயது 40 தாண்டிவிட்டதே, வெள்ளெழுத்தாக இருக்கும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனார். +1.50 கண்ணாடி கொடுத்தார்கள். அது ஒரு நாள் உதவியும் இருக்கிறது! விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கினால் திரை முன்னே தள்ளப்படும், கண் கொஞ்சம் கட்டையான கண்போல ஆகிவிடும், பிளஸ் கண்ணாடி போட்டால் சற்றுத் தெளிவாகத் தெரியும். கடைக்காரர் அளந்தது சரிதான், அளக்க வேண்டிய சங்கதிதான் வேறு.

பத்தாம் நாள் ஒரு கண் டொக்டர். இடக்கண்ணுக்கு மட்டும் ஓசிடி ஸ்கான் (விழித்திரையின் குறுக்குவெட்டை ஒளியால் எடுக்கும் படம்) எடுத்தார். மையத்தில் நீர் இருந்தது. சென்ட்ரல் சீரஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, மன அழுத்தத்தோடு தொடர்புடையது, பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். "யோசிக்காதீங்க, நல்லா நித்திரை கொள்ளுங்க, ஆறு கிழமையில வாங்க" என்று அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் வலக்கண்ணும் போனது.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். "கூய் எண்டு ஒரு இரைச்சல் இருக்குது. அது தலையிடியால எண்டு விட்டிட்டன்" என்றார். உடனே மகள் இடையில் புகுந்தாள். "டொக்டர், அம்மா ரெண்டு கிழமையா தலை சீவவே விடுறா இல்ல. சீப்பு பட்டாலே நோகுது எண்டு கத்துறா."

தலைமயிரைத் தொட்டால் நோகிறது என்று ஒருவர் தானாக வந்து டொக்டரிடம் சொல்லமாட்டார். சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைப்பார். நாங்களும் கேட்பதில்லை. ஆனால் தலையிடி, கழுத்து இறுக்கம், காது இரைச்சல், தொட்டால் நோகும் மண்டைத்தோல், கடைசியில் இரண்டு கண்ணும் மங்கல் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால், இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: மெலனோசைட் எனும் நிற அணுக்கள். தோலிலும் மயிர்க்காலிலும் அவை இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூளையுறையிலும், உட்காதிலும், கண்ணின் நடுப்படலமான யுவியாவிலும் அவை இருப்பது பலருக்குத் தெரியாது. உடலின் சொந்தக் காவல் அணுக்களே இந்த நிற அணுக்கள் மீது பாய்ந்தால் வருவதுதான் வோக்ட்–கொயனாகி–ஹராடா நோய். சுருக்கமாக வீகேஎச். 1906-ல் சுவிட்சர்லாந்தின் வோக்ட் இமைமயிர் நரைத்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1926-ல் ஜப்பானின் ஹராடா விழித்திரைக்கு அடியில் நீர் தேங்குவதை எழுதினார். 1929-ல் கொயனாகி முழுக் கதையையும் கோர்த்தார். யானையைத் தடவிப் பார்த்தவர்கள் கதைதான். எங்கள் நோயாளியின் நான்கு கதவுகளும் அதே கதை.

கண் சொன்னது

பார்வை வலது 6/36, இடது 6/60 (நல்ல கண் என்றால் 6/6). பின்ஹோல் எனும் சின்னத் துளை வழியே பார்க்கவைத்தும் கூடவில்லை. வெளியே பார்த்தால் கண்கள் பெரிதாகச் சிவக்கவில்லை, அதனால்தான் எவருக்கும் அழற்சி என்ற எண்ணமே வரவில்லை. ஸ்லிட் லாம்ப் எனும் கண் நுண்ணோக்கியில், அறையை நன்றாக இருட்டாக்கி, ஒரு மில்லிமீட்டர் சதுர ஒளிக்கற்றையை வைத்து எண்ணினேன். பழைய ஓட்டு வீட்டில் கூரைத் துவாரத்தால் விழும் வெயில் கீற்றில் தூசி மிதக்குமே, அப்படி இரண்டு கண்ணிலும் கருவிழிக்கு (கோர்னியா) பின்னாலுள்ள முன்னறை நீரில் எட்டு, பத்து அழற்சி அணுக்கள். 2005-ல் வகுத்த பொது அளவுகோலின்படி 6 முதல் 15 வரை என்றால் 1+. சின்ன எண்தான். ஆனால் சென்ட்ரல் சீரஸ் நோயில் அது பூச்சியமாக இருக்க வேண்டும்.

கண்ணழுத்தம் 9, 10. கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால் இரு பக்கமும் பார்வை நரம்பின் தலை சிவந்து வீங்கியிருந்தது, சுற்றிலும் விழித்திரை கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. இரண்டு கண்ணுக்கும் ஓசிடி எடுத்தோம். நீர் ஒரே குளமாக இல்லை, வரம்பு கட்டிய வயல் பாத்திகள்போல இடையில் மெல்லிய தடுப்புகளோடு பல அறைகளாக இருந்தது. அதற்குக் கீழே கோரொயிட் எனும் இரத்தக்குழாய்ப் படலம் தடித்து, அதன் அடி எல்லை ஸ்கானில் பிடிபடவேயில்லை. இந்தப் படம் கிட்டத்தட்ட கையெழுத்து மாதிரி.

மறுநாள் ஃபுளோரெசீன் சாயம் ஏற்றிப் படம் எடுத்தோம். தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும், பயப்படாதீர்கள் என்று முதலே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு, மஞ்சள் காமாலை என்று இரவோடு இரவாக ஓடிவந்தவர்களைக் கண்டிருக்கிறேன். படத்தில் முதலில் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கசிவு, நேரம் போகப் போக அவை ஒன்றாகித் தேங்கின. அல்ட்ராசவுண்டிலும் கோரொயிட் தடிப்புத் தெரிந்தது, கண்ணின் வெள்ளைச் சுவருக்குப் பின்னால் நீர் இல்லை.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது, ஆறுதலாகவும் இருக்கக்கூடாது. வீகேஎச் என்றால் ஸ்டீரொயிட்டை உடனே, பெரிய அளவில் கொடுக்க வேண்டும். சென்ட்ரல் சீரஸ் என்றால் ஸ்டீரொயிட்டே நோயைக் கிளப்பும் மருந்துகளில் ஒன்று. காசம் அல்லது சிபிலிஸ் என்றால் கிருமிக்கு மருந்து கொடுக்காமல் ஸ்டீரொயிட் மட்டும் கொடுப்பது வீட்டுக் காவல்நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கள்ளனுக்குக் கதவைத் திறப்பதுதான்.

சென்ட்ரல் சீரஸ் பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்களுக்கு, அநேகமாக ஒரு கண்ணில் வரும். அழற்சி அணுக்கள் இருக்காது, நரம்புத்தலை வீங்காது. இங்கே நான்குமே பொருந்தவில்லை. முதல் டொக்டர் மறு கண்ணுக்கும் ஒரு ஸ்கான் எடுத்திருந்தால், அன்றே வலக்கண்ணின் கோரொயிட் தடித்திருப்பதைக் கண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பார்வை குறையாத கண்ணையும் ஸ்கான் செய்வது காசு வீண் என்று சில இடங்களில் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கண்ணில் எப்போதாவது குத்துக்காயம், சத்திரசிகிச்சை உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன். ஒரு கண்ணில் ஆழமான காயம் பட்டு, கிழமைகளோ வருடங்களோ கழித்து மற்றக் கண்ணும் அழலும் நோய் ஒன்று உண்டு, உள்ளே பார்த்தால் வீகேஎச்சிலிருந்து பிரிக்கவே முடியாது. தையல் வேலை செய்பவர் என்பதால் ஊசி, கத்தரி ஞாபகம் வந்தது. இல்லை என்றார். இரத்த அழுத்தம் 130/84, ஆகவே பிரஷர் ஏறி விழித்திரையில் நீர் கட்டியதும் இல்லை. கண்ணில் அழற்சியைக் கிளப்பும் வேறு நோய்களின் அடையாளமாக வாய்ப்புண் இல்லை, எலிக்காய்ச்சல் வந்த கதை இல்லை. கண்ணை அசைத்தால் குத்தும் வலி இல்லாததாலும் ஸ்கானாலும் பின்பக்க ஸ்கிளெரைட்டிஸை (கண்ணின் வெள்ளைச் சுவரில் வரும் அழற்சி) விட்டுவிட்டோம்.

காசத்துக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது. மான்டூ பரிசோதனையில் 8 மில்லிமீட்டர் தடித்தது. பிறந்தவுடன் பிசிஜி எனும் காசத் தடுப்பூசி போடும் நாட்டில் 8-ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வீட்டில் எவருக்கும் இருமல் நோய் இல்லை. டீன்ஸ் வீதி மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் கருத்தையும் கேட்டுக்கொண்டோம். சிபிலிஸ், எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி எதுவுமில்லை. இந்த இரத்தத்தை எடுக்குமுன் என்ன பார்க்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வது என் வழக்கம். "எல்லாருக்கும் பார்க்கிறோம் அம்மா, உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை" என்றேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது, ஆனால் கையை நீட்டினார். சொல்லாமல் எடுத்துவிட்டு, துண்டில் அந்தப் பெயரை அவர் தானாகப் படித்திருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டார்.

சிகிச்சை

வாட்டில் சேர்த்து மெதைல்பிரெட்னிசொலோன் நாளுக்கு 1 கிராம், மூன்று நாள் இரத்த நாளம் வழியாக ஏற்றினோம். முதலில் புழு மருந்து கொடுத்தோம். எங்கள் மண்ணில் சிலரின் குடலில் ஸ்ட்ரொங்கிலொயிட்ஸ் என்றொரு புழு சத்தமில்லாமல் வருடக்கணக்காகக் குடியிருக்கும், பெரிய அளவு ஸ்டீரொயிட் விழுந்தால் அது உடம்பெங்கும் பரவி ஆளையே கொன்றுவிடலாம். இந்த ஒரு படியைக் குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து நடப்பவர்கள் தவறவிடுவதுண்டு. இரண்டாம் நாளே சீனி 240-க்கு ஏறியது, அதற்கும் மருந்து தொடங்கினோம்.

நான்காம் நாளிலிருந்து பிரெட்னிசொலோன் 60 மி.கி. எடை 60 கிலோ, கிலோவுக்கு 1 மி.கி. கணக்கு. கையிலிருந்தது 5 மி.கி. குளிசை, ஆக காலைச் சாப்பாட்டுக்குப் பின் 12 குளிசை. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது மருந்தோ சாப்பாடோ" என்று கேட்டார். வயிற்றுக்கு ஒமெப்ரசோல், எலும்புக்குக் கல்சியம், கண்ணுக்கு ஸ்டீரொயிட் சொட்டும், கண்மணி ஒட்டாமலிருக்க விரிக்கும் சொட்டும்.

பத்தாம் நாள் ஸ்கானில் பாத்திகள் பாதி வற்றிவிட்டன. மூன்றாம் கிழமை முடிவில் வலது 6/9, இடது 6/12. தலை சீவ முடிந்தது. காது இரைச்சலும் போனது.

எட்டாம் கிழமையும் பதினோராம் கிழமையும்

இனி என் பிழை. வீட்டில் எடுத்த சீனி அளவு ஒரு நாள் 268 காட்டியது. முகம் ஊதிவிட்டது, இரவில் நித்திரையில்லை, பசி அடங்கவில்லை. தெருவில் கண்டவர்கள் "என்ன இப்பிடிக் கொழுத்திட்டீங்க" என்று கேட்டார்களாம். கண்ணோ அமைதியாக இருந்தது. கிழமைக்கு 10 மி.கி. வீதம் குறைத்தேன். எட்டாம் கிழமையில் 7.5-க்கு வந்துவிட்டேன். ஸ்டீரொயிட்டின் இடத்தைப் பிடிக்க வேண்டிய மருந்தையும் தொடங்கவில்லை, "பார்ப்போம்" என்று விட்டேன். வீகேஎச்சுக்கு ஆகக்குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் அதற்கு மேலும் சிகிச்சை வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. முன்னால் இருப்பவர் கஷ்டப்படும்போது, தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு அன்றைய கஷ்டத்தைக் குறைக்கத்தான் மனம் சொல்கிறது.

பதினோராம் கிழமை வலக்கண் சிவந்து, வெளிச்சம் கூசுகிறது என்று வந்தார். கருவிழியின் உட்பக்கத்தில் ஆட்டுக்கொழுப்புத் துளிகள்போல அணுத் திட்டுகள், இரண்டு கண்ணிலும். கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் எனும் நிறத்திரையின் ஓரத்தில் சின்ன முடிச்சுகள். வலது கண்மணி இரண்டு இடத்தில் லென்சோடு ஒட்டியிருந்தது. நோய் நாட்பட்டு மீளும்போது இப்படி முன்பக்கத்தில் கிளம்புவதுதான் வழக்கம். அன்று கிளினிக் கொப்பியில் "மருந்து வேகமாகக் குறைக்கப்பட்டது" என்றுதான் எழுதினேன், குளிசையை அவர் ஒழுங்காகப் போடவில்லை என்று எழுதவில்லை. ஒழுங்காகத்தான் போட்டிருந்தார், காலிப் பட்டைகளைப் பையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பிரெட்னிசொலோனை 40-க்கு ஏற்றி, கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் மெதோட்ரெக்சேட் கிழமைக்கு 15 மி.கி. தொடங்கினேன். மைக்கோஃபீனலேட் இன்னொரு தெரிவு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்குகொண்டு 216 பேரில் இரண்டு மருந்தையும் ஒப்பிட்ட பரிசோதனை 2019-ல் வெளியானது. விலை கூடிய மைக்கோஃபீனலேட் மேலானது என்று அதில் தெரியவரவில்லை, கண்ணின் பின்பகுதி வரை அழலும் நோயில் மெதோட்ரெக்சேட்டின் கைதான் ஓங்கியிருந்தது. எங்கள் மருந்துக்கடை நிலவரத்துக்கு அது நல்ல செய்தி.

மெதோட்ரெக்சேட்டில் ஒரு பொறி இருக்கிறது. கிழமையில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து. மற்றக் குளிசைகளோடு சேர்த்துத் தினமும் போட்டு உயிர்போனவர்கள் உலகெங்கும் உண்டு. எந்த நாள் உங்களுக்கு மறக்காது என்று கேட்டேன். "செவ்வாய். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்" என்றார் யோசிக்காமல். இவர் சைவக்காரர். ஆனால் கொழும்பில் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போக அது ஒரு தடையில்லை. கொப்பியில் சிவப்பு மையால் "செவ்வாய் மட்டும்" என்று எழுதி வட்டம் போட்டேன். ஃபோலிக் அமிலம் வெள்ளிக்கிழமை. மாதம் ஒருமுறை இரத்த அணுக்களும் ஈரலும் பார்ப்பது, கருத்தரிக்கக்கூடாது என்பது, இரண்டையும் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னோம். இந்த மருந்து வேலை காட்ட இரண்டு, மூன்று மாதம் எடுக்கும், அதுவரை ஸ்டீரொயிட்டை இறக்கும்போது 2.5 மி.கி. என்றாலும் யோசித்துத்தான் இறக்க வேண்டும்.

ஐந்தாம் மாதம் நான் சொல்லாமல் விட்ட இன்னொன்று வெளியே வந்தது. புருவத்தில் ஒரு பக்கம் நரை, இமைமயிர் நாலைந்து வெள்ளை, பிறகு முகத்திலும் இரண்டு புறங்கையிலும் வெள்ளைத் திட்டுகள். நிற அணுக்களைத் தாக்கும் நோய் கடைசியில் தோலுக்கு வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். கண்ணைக் காப்பாற்றும் அவசரத்தில் அதை முன்கூட்டியே சொல்லவில்லை. "கண் தெரியாதபோது கூடச் சனம் துணி கொண்டுவந்து தந்தது டொக்டர். இப்ப கையைப் பார்த்திட்டு, இது ஒட்டுற வருத்தமோ எண்டு கேட்கினம்" என்றார். பல வருடமாக வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். இது தொற்றாது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை யாருக்கும் காட்டவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். மணிக்கட்டு மூடும் முழுக்கைப் பிளவுஸ் நாலு தைத்துப் போட்டுக்கொண்டாராம். தோல் கிளினிக்குக்கும் அனுப்பினோம், முகத்துத் திட்டு கொஞ்சம் நிறம் பிடித்திருக்கிறது, கை அவ்வளவாக இல்லை.

இப்போது

16 மாதமாகிறது. பிரெட்னிசொலோன் பதினான்காம் மாதம் நின்றது. மெதோட்ரெக்சேட் செவ்வாய்தோறும் தொடர்கிறது, நோய் அமைதியாக இருந்தாலும் இன்னும் ஒரு வருடமாவது நிறுத்தும் எண்ணமில்லை. சீனிக் குளிசை நின்றுவிட்டது. முன்னறையில் அணு இல்லை, கோரொயிட் தடிப்பும் இறங்கிவிட்டது. வலக்கண் 6/9. இடது 6/12, அங்கே லென்சின் பின்புறத்தில் ஸ்டீரொயிட் புரை தொடங்கியிருக்கிறது. சத்திரசிகிச்சை பிறகு தேவைப்படலாம், ஆனால் தொடர்ந்து மூன்று மாதமாவது கண்ணில் ஓர் அணுகூட இல்லை என்று உறுதியான பின்தான் கத்தியை எடுப்போம்.

உள்ளே பார்த்தால் விழித்திரையின் பின்னணி, நிறம் கழன்று, அந்திவானம்போல செம்மஞ்சளாகத் தெரிகிறது. எங்கள் புத்தகத்திலும் அதற்கு அந்தி ஒளி என்றுதான் பெயர். எழுத்துப் பலகையை 6/9 வரை வாசித்தாலும் மங்கல் நிறங்களைப் பிரிப்பது இவருக்குக் கஷ்டம். ஊசியில் நூலைத் தானே கோர்க்கிறார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் மட்டும் மகளைக் கூப்பிடுகிறார்.